வாசகர் பாதியில் விலகுகிறாரா? இணைய எழுத்தின் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி

தேனி மாவட்டத்தின் கம்பம், கூடலூர், போடி ஆகிய ஊர்களிலும், மலைக்கு மேலே கேரளத்தின் குமுளி, வண்டன்மேடு பக்கமும் இன்று சிறிய கடைக்குக்கூட இணையப் பக்கம் இருக்கிறது. ஏலக்காய் விற்பவர், ஜீப் சவாரி நடத்துபவர், வீட்டு மாடியில் இரண்டு அறை வாடகைக்கு விடுபவர், திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர் என்று எல்லோருக்கும் தமிழில் எழுதித் தர ஆள் தேவைப்படுகிறது. அந்த வேலையைச் செய்கிற தம்பி தங்கைகளுக்காகவும், தங்கள் தொழிலைப் பற்றித் தாங்களே எழுத நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் உறுதியாக நம்பும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடை சரியில்லை என்று நாம் குறை சொல்லும் இடங்களில் பெரும்பாலும் தகவல்தான் குறைகிறது. விசாரிக்காமல் விட்ட இடத்தில்தான் அலங்காரச் சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே கீழே வரும் திருத்தங்களில் பல, எழுதும் மேசையை விட்டு எழுந்து யாரிடமாவது போய்க் கேட்கச் சொல்பவையாக இருக்கும்.

கோளாறுகளுக்குப் பெயர் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலுக்கு வரக்கூடாத குற்றங்கள் என்று பத்தைப் பட்டியலிட்டிருக்கிறது. அவற்றில் ஆறு இன்றைய விடுதிப் பக்கத்துக்கும் அப்படியே பொருந்துகின்றன. பொருந்தும் இடத்தில் அந்தப் பெயரையே சொல்கிறேன்.

கோளாறு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை போதும். எழுதியதைக் கைப்பேசியில் திறந்து, அந்தத் தொழிலோடு தொடர்பில்லாத ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுக்குகிறார், எங்கே வேகமெடுத்துத் தாண்டுகிறார், எங்கே மூச்சு வாங்குகிறார் என்று கவனியுங்கள். படித்து முடித்ததும், "இவர் என்ன விற்கிறார், அது யாருக்குப் பயன்படும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

அறிகுறி: பெயரை மாற்றினால் எந்தக் கடைக்கும் பொருந்துகிறது

மிகவும் பரவலான நோய் இதுதான். கீழே இருப்பதைப் பாருங்கள். இந்தச் சாயலில் எழுதிய பக்கங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

"இயற்கை அன்னையின் மடியில் விளைந்த, உலகத்தரம் வாய்ந்த, மணமும் சுவையும் நிறைந்த எங்கள் ஏலக்காய் தலைசிறந்த தரத்துடன் உங்கள் இல்லம் தேடி வருகிறது. வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் தாரக மந்திரம்."

ஏலக்காய் என்பதை எடுத்துவிட்டு மிளகு என்று போடுங்கள், பொருந்துகிறது. தேன் என்று போடுங்கள், அதற்கும் பொருந்துகிறது. இதில் பிழையான சொல் ஒன்றுகூட இல்லை, பொருள்தான் இல்லை. நன்னூல் இதை 'வெற்றெனத் தொடுத்தல்' என்கிறது.

இதைச் சொல்மாற்றி ஒட்டுவதால் சரிசெய்ய முடியாது. 'தலைசிறந்த' என்பதை எடுத்துவிட்டு 'ஈடு இணையற்ற' என்று எழுதினால் நோய் அப்படியே இருக்கும். கடைக்காரரிடம்தான் போக வேண்டும். விசாரணை இந்த மாதிரி நடக்க வேண்டும்:

"அண்ணே, இந்தக் காய் எங்கே விளைந்தது?"

"வண்டன்மேட்டுப் பக்கம் தம்பி, நம் சொந்தத் தோட்டம்தான். ஞள்ளானி ரகம்."

"பறித்த பிறகு என்ன செய்வீர்கள்?"

"அன்றைக்கே உலர்கூடத்துக்குப் போய்விடும். வெயிலில் போட்டால் பச்சை வெளுத்துவிடும். ராத்திரி முழுக்க வெப்பக் காற்றில்தான் காயும்."

"எல்லாக் காயும் ஒரே விலையா?"

"அது எப்படி? சல்லடையில் விட்டு அளவு பிரிப்போம். எட்டு மில்லிக் காய்க்கு ஒரு விலை, ஆறு மில்லிக்கு ஒரு விலை. டீயில் தட்டிப் போடுகிறவர் எட்டு மில்லி வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம் என்று நானே சொல்வேன்."

கடைசி வாக்கியத்தைக் கவனித்தீர்களா? விற்கிற மனிதரே இதை வாங்க வேண்டாம் என்று சொல்கிறார். பக்கத்தில் ஏற வேண்டியது அதுதான். இப்போது எழுதிப் பாருங்கள்:

"வண்டன்மேட்டுக்கு அருகே எங்கள் சொந்தத் தோட்டத்தில் விளைந்த ஞள்ளானி ரக ஏலக்காய். பறித்த அன்றே உலர்கூடத்தில் வெப்பக் காற்றில் காயவைப்பதால் பச்சை நிறம் வெளுப்பதில்லை. இந்தப் பொட்டலத்தில் 8 மில்லிமீட்டர் சல்லடையில் நின்ற காய்கள் மட்டுமே இருக்கின்றன. பிரியாணிக்கும் பாயசத்துக்கும் முழுதாகப் போட ஏற்றவை. டீயில் தட்டிப் போடுவதற்கு 6 மில்லிமீட்டர் காயே போதும், விலையும் குறைவு."

இதில் 'தரம்' என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. ஆனால் படித்தவருக்குத் தரம் தெரிந்துவிடுகிறது. இந்தப் பத்தியை வேறு எந்தக் கடையின் பக்கத்திலும் ஒட்ட முடியாது. அந்தக் கடைக்கே உரியதாகிவிட்டது.

புகழ்ச்சியைக் குறைத்தால் வியாபாரம் கெடும் என்று உரிமையாளர் தயங்கலாம். அவருக்குச் சொல்ல ஓர் ஆதாரம் இருக்கிறது. இணையப் பக்கங்களை மக்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனும் ஜான் மோர்க்ஸும் 1997இல் ஒரு சோதனை நடத்தினார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தைப் பற்றிய சுற்றுலாப் பக்கம் ஒன்றையே ஐந்து விதமாக எழுதி வாசகர்களிடம் கொடுத்தார்கள். விளம்பர நடையில் எழுதியதைவிட, புகழ்ச்சியை எடுத்துவிட்டு நடுநிலையாக எழுதியது 27 விழுக்காடு கூடுதலாகப் பயன்பட்டது. சொற்களைப் பாதியாக்கியது 58 விழுக்காடு கூடுதலாகப் பயன்பட்டது. சுருக்கம், நடுநிலை, கண்ணோட்டமாகப் படிக்க வசதியான அமைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்தபோது அது 124 விழுக்காடானது. சுற்றுலாப் பக்கத்தில் செய்த சோதனை என்பதால் குமுளிக்காரருக்கு எளிதில் விளங்கும்.

அறிகுறி: முதல் பத்தியைத் தாண்டி யாரும் வருவதில்லை

முதல் பத்தி 'இன்றைய அவசர உலகில்' என்று தொடங்குகிறதா? 'பழங்காலம் தொட்டே' என்று தொடங்குகிறதா? அப்படியானால் காரணம் தெரிந்துவிட்டது. ஜீப் சவாரிக்கு எவ்வளவு ஆகும் என்று பார்க்க வந்தவரிடம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெருமையை விரிப்பது 'மற்றொன்று விரித்தல்'. முல்லைப் பெரியாறு அணை 1895இல் முடிந்தது என்பது அருமையான செய்திதான். தங்கும் அறையைப் பற்றிய பக்கத்தின் முதல் வரி அதற்கு இடமில்லை.

திருத்தம் சுலபம், ஆனால் மனம் வர வேண்டும். முதல் பத்தியை மறைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து படியுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் அதை வெட்டிவிடுங்கள். பல நேரம் மூன்றாவது பத்தியில்தான் எழுதுபவர் விஷயத்துக்கு வந்திருப்பார். வெட்டியதில் நல்ல செய்தி இருந்தால் அது வீணாகாது. ஊரைப் பற்றித் தனிப் பக்கம் எழுதும்போது அங்கே முதல் வரியாகவே நிற்கும்.

மேலே சொன்ன இருவரும் நடத்திய இன்னொரு சோதனையில் கலந்துகொண்டவர்களில் 79 விழுக்காட்டினர் புதிய பக்கத்தை முதலில் கண்ணால் துழாவினார்கள். சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 விழுக்காடுதான். ஆகவே பத்தியின் முதல் வாக்கியத்திலும் துணைத் தலைப்பிலும் விஷயம் இருந்தாக வேண்டும். 'எங்கள் சிறப்புகள்' என்ற துணைத் தலைப்பு துழாவுகிற கண்ணுக்கு ஒன்றும் தருவதில்லை. 'வாடகையில் காலை உணவும் சேர்த்தி' என்று வைத்தால் உள்ளே போகாதவரும் ஒன்றைத் தெரிந்துகொண்டு போகிறார்.

அறிகுறி: வாய்விட்டுப் படித்தால் மூச்சு முட்டுகிறது

தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. நமக்கு இது இயல்பு. வாக்கியம் இரண்டு வரியாக இருக்கும்வரை தொல்லையே இல்லை. ஆறு வரியாக நீட்டினால், என்ன நடந்தது என்று தெரிய வாசகர் கடைசிவரை எல்லாவற்றையும் நினைவில் சுமக்க வேண்டியிருக்கிறது. ஒரு மாதிரி:

"குமுளி பேருந்து நிலையத்திற்கு மிக அருகில் அமைந்துள்ளதும், அனைத்து நவீன வசதிகளையும் உள்ளடக்கியதும், குடும்பத்தினருடன் தங்குவதற்கு ஏற்ற வகையில் அனுபவம் வாய்ந்த பணியாளர்களால் பராமரிக்கப்பட்டு வருவதுமான எங்கள் விடுதியில் முன்பதிவு செய்துகொள்ளும் வசதி ஏற்படுத்தப்பட்டுள்ளது."

இதில் இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஒன்று நீளம். மற்றொன்று, யார் செய்கிறார்கள் என்பது காணாமல் போய்விட்டது. 'பராமரிக்கப்பட்டு வருகிறது', 'ஏற்படுத்தப்பட்டுள்ளது', 'மேற்கொள்ளப்படுகிறது' எல்லாம் அரசு அறிவிப்புப் பலகையிலிருந்து இறங்கி வந்தவை. வீட்டுக்கு வரும் விருந்தினரை யாராவது 'தங்களுக்குக் காப்பி வழங்கப்பட்டுள்ளது' என்று வரவேற்பார்களா? செய்பவரை முன்னால் கொண்டுவாருங்கள்:

"குமுளி பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் எங்கள் வீடு. கீழ்த்தளத்தில் நாங்கள் இருக்கிறோம். மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். பெரிய அறையில் நான்கு பேர் தங்கலாம். தொலைபேசியில் அழைத்தால் அறையை ஒதுக்கி வைக்கிறோம்."

வாக்கியங்கள் சிறியவை என்பதற்காக எல்லாவற்றையும் நான்கு சொல்லில் வெட்டி எறியவும் வேண்டாம். நறுக்கு நறுக்கென்று ஒரே நீளத்தில் பத்து வாக்கியங்கள் வந்தால் காது சலித்துவிடும். சிறியது இரண்டு, நடுத்தரம் ஒன்று, அவசியம் வந்தால் நீளமாக ஒன்று என்று பேச்சின் போக்கிலேயே விடுங்கள். ஒரு நூலுக்கு வேண்டிய அழகுகள் என்று நன்னூல் சொல்லும் பத்தில் 'ஓசையுடைமை'யும் ஒன்று. 'மேலும்', 'அதுமட்டுமல்லாமல்', 'இதனைத் தொடர்ந்து' என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கொக்கி மாட்டியிருந்தால் கழற்றிப் பாருங்கள். பத்தில் எட்டு இடங்களில் கொக்கி இல்லாமலே வாக்கியங்கள் சேர்ந்து நிற்கும்.

அறிகுறி: ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் புரிந்துகொள்கிறார்

"யானை பார்த்த பயணிகள் சொல்வதைக் கேளுங்கள்." பயணிகள் யானையைப் பார்த்தார்களா, யானை பயணிகளைப் பார்த்ததா? இது 'மயங்க வைத்தல்'. வேற்றுமை உருபைச் சிக்கனம் பிடித்ததால் வந்த கோளாறு. 'யானையைப் பார்த்த பயணிகள்' என்று ஓர் ஐகாரம் சேர்த்தால் தீர்ந்துவிடும்.

"வனத்துறை அனுமதித்த ஜீப் ஓட்டுநர்" என்பது இதைவிடச் சிக்கல். அனுமதி ஜீப்புக்கா, ஓட்டுநருக்கா? இதை எழுத்தாளர் ஊகிக்கவே கூடாது. உரிமையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, 'வனத்துறை அனுமதி பெற்ற ஜீப்' என்றோ 'வனத்துறை அனுமதி பெற்ற ஓட்டுநர்' என்றோ பிரித்து எழுதுங்கள்.

அறிகுறி: தமிழாகவும் இருக்கிறது, தமிழாகவும் இல்லை

எல்லைப் பகுதிக்கே உரிய நோய் இது. மலையாளத்தில் எழுதிய பக்கத்தைத் தமிழ் எழுத்துக்கு மாற்றி, வினையை மட்டும் திருத்தி ஏற்றிவிடுகிறார்கள். குமுளியில் பேசும்போது இரண்டும் கலந்தே ஓடுவதால் எழுதியவருக்கு உறுத்துவதில்லை. மதுரையிலிருந்து வரும் குடும்பத்துக்கு உறுத்துகிறது. 'சுடு வெள்ளம் உண்டு', 'தாமசத்துக்கு வசதி', 'ஞாயிறு அவதி' என்ற மூன்றும் அவர்களுக்கு முறையே பெருக்கு, தாமதம், துன்பம் என்றே படும். 'வெந்நீர்', 'தங்க வசதி', 'ஞாயிறு விடுமுறை' என்று எழுதுங்கள். பிழையான சொல்லைச் சேர்ப்பதை நன்னூல் 'வழூஉச்சொல் புணர்த்தல்' என்கிறது, அது இதற்குப் பக்கத்தில் வருகிறது. எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கமே வளர்ந்த ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்குவது நல்லது.

ஆங்கிலத்திலிருந்து வரும் நோய் வேறு வகை. 'மறக்க முடியாத அனுபவத்தைக் கண்டறியுங்கள்', 'உங்கள் பயணத்தை இன்றே தொடங்குங்கள்' என்று கட்டளைகளாக அடுக்குவார்கள். நம் ஊரில் ஒரு கடைக்காரர் வாடிக்கையாளரிடம் இப்படிப் பேசுவதே இல்லை. 'வாங்க, பாருங்க, பிடித்தால் எடுங்க' என்பதுதான் அவர் பேச்சு. அந்தப் பணிவை எழுத்துத் தமிழில் கொண்டுவர முடியும்: 'காய்களை நேரில் பார்த்து வாங்க விரும்பினால் கடைக்கு வரலாம்.'

அறிகுறி: பக்கத்தைப் படித்த பிறகும் தொலைபேசியில் அதே கேள்வி

இது 'குன்றக் கூறல்'. எழுத்து அழகாகவே இருக்கலாம். வேண்டியது அதில் இல்லை. நல்ல செய்தி என்னவென்றால், விடுபட்டது எது என்பதை வாடிக்கையாளர்களே தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கடையில் தொலைபேசி எடுப்பவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, வருகிற கேள்விகளை அவர்கள் கேட்ட சொற்களிலேயே ஒரு வாரம் குறித்து வைக்கச் சொல்லுங்கள். 'கார் நிறுத்த இடம் இருக்குமா?' 'பெரியவர்கள் படி ஏற வேண்டியிருக்குமா?' 'சைவச் சாப்பாடு கிடைக்குமா?' 'சபரிமலை சீசனில் மலைப்பாதையில் நெரிசல் எப்படி இருக்கும்?' அந்த நோட்டுதான் அடுத்த பதிப்புக்குப் பொருளடக்கம். துணைத் தலைப்புகளாக அந்தக் கேள்விகளையே வைத்துவிடலாம்.

அரைகுறையாகச் சொல்வது ஒன்றும் சொல்லாமல் விடுவதைவிட ஆபத்தானது. 'அருகிலுள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலைக் கண்டு தரிசிக்கலாம்' என்று எழுதிவிட்டால் ஐப்பசியில் ஒரு குடும்பம் குழந்தைகளோடு வந்து இறங்கும். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் அந்தக் கோயிலுக்கு ஆண்டில் சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும்தான் பொதுமக்களை விடுகிறார்கள். 'சித்ரா பௌர்ணமி அன்று மட்டும்' என்ற நான்கு சொற்களை விட்டது நடைக் குறை அன்று, வாசகருக்குச் செய்த தீங்கு. இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சமாதானமே கிடையாது. ஒருவர் பணமும் விடுமுறையும் செலவழித்து வருவது நம் எழுத்தை நம்பித்தான்.

இதேபோல், கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் தோட்டத்தில் விளைவது பன்னீர் திராட்சைதானா, விதையில்லாத வேறு ரகமா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அறிகுறி: கூகுளில் தேடினால் அகப்படவில்லை

முதலில் எழுத்துருவைப் பாருங்கள். அச்சகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய துண்டறிக்கையை அப்படியே ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். தேடுபொறிக்கும் அது தமிழ் அன்று. எழுத்துரு மாற்றி கொண்டு ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றி, மாற்றியதை ஒருமுறை முழுதும் படித்துவிட்டு ஏற்றுங்கள்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத பிழைகள். 'ஔ' என்ற ஒரே எழுத்துக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் தட்டியிருப்பார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு வேறு. எகரத்துக்குப் பதில் தமிழ் எண் ஏழைத் தட்டுவதும், ரகரத்துக்குப் பதில் துணைக்காலைத் தட்டுவதும் இந்த வகைதான். சந்தேகப்படும் சொல்லை நீங்களே புதிதாகத் தட்டி, பக்கத்துக்குள் தேடிப் பாருங்கள். கண்ணுக்கு முன்னால் இருக்கும் சொல் அகப்படவில்லை என்றால் பிழை அங்கேதான்.

மூன்றாவது, வாசகர் தேடும் சொல் உங்கள் பக்கத்தில் இருக்கிறதா என்பது. 'நறுமணப் பொருள் விற்பனையகம்' என்று நீங்கள் எழுதியிருக்கலாம். அவர் 'ஏலக்காய் விலை' என்றுதான் தட்டுவார். இயல்பாக வரும் இடத்தில் அந்தச் சொல்லை ஓரிரு முறை எழுதினால் போதும். 'குமுளி ஏலக்காய், சிறந்த குமுளி ஏலக்காய், குமுளி ஏலக்காய் கடை' என்று பத்திக்குப் பத்தி திணிப்பது 'கூறியது கூறல்'. கூகுள் தன் வழிகாட்டுதல்களிலேயே இதைத் தவிர்க்கச் சொல்கிறது.

அறிகுறி: நன்றாகத் தொடங்கி எங்கோ கரைந்துவிடுகிறது

'சென்று தேய்ந்து இறுதல்'. படித்து முடித்தவர் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார். கடைசிப் பத்தியில் நன்றியுரை தேவையில்லை. அடுத்த அடி என்ன என்பதுதான் தேவை. இணைப்புகளில் 'இங்கே சொடுக்கவும்' என்று எழுதாதீர்கள். பார்வையற்றவர்கள், திரையில் இருப்பதை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் மூலம் இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்கும்போது 'இங்கே, இங்கே, இங்கே' என்றுதான் காதில் விழும். 'அறை வாடகைப் பட்டியல்', 'ஏலக்காய் அளவு வாரியாக விலை' என்று போகும் இடத்தின் பெயரையே இணைப்பாக்குங்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனாலும் நம்பிக்கை வரவில்லை

ஒற்றுப்பிழைகளை ஒருமுறை பாருங்கள். 'ஏலக்காய் பொடி', 'மலை பாதை' என்று இருந்தால் 'ஏலக்காய்ப் பொடி', 'மலைப்பாதை' என்று திருத்துங்கள். பிறகு தேதிகளைப் பாருங்கள். போன ஆண்டின் விலை, நின்றுபோன பஸ்ஸின் நேரம், முடிந்துபோன சீசனின் அறிவிப்பு எதுவாவது அப்படியே கிடக்கிறதா? நாளுக்கு நாள் ஏறி இறங்கும் ஏலக்காய் விலையைப் பத்திக்குள் புதைக்காமல் தனியாக ஒரே இடத்தில் வைத்து, 'இந்தத் தேதி நிலவரம்' என்று மேலேயே எழுதிவிடுங்கள். யார், எந்தக் கிழமை அதை மாற்றுவார் என்பதையும் உரிமையாளரோடு பேசி முடித்த பிறகே பக்கத்தை ஒப்படையுங்கள்.